கடிகாரம் இருக்கிறதா?

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குழுவில் வேலை பார்த்தால், வீட்டுச் சண்டையும் கூடவே டிராம் ஏறி ஆபீசுக்கு வந்துவிடும். க்தான்ஸ்க் நகரில் கணினியின் நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதும் கொர்னேலியாவும் ஓல்கியெர்தும் ஈஸ்டரிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. தத்தெடுப்பு மையம் இருவரையும் பயிற்சிக்கு அழைத்திருந்தது. அந்த மகராசன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டான். “நாப்பத்திநாலு வயசுல உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்னு நெனச்சேன்” என்றான்.

அன்று காலை போஸ்னானிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் புகார் வந்தது. கார்டில் துல்லியமான கடிகாரம் ஓடுகிறது, ஆனால் டிரைவரைக் கேட்டால், கடிகாரமே இல்லை என்கிறதாம். அந்த டிரைவர் ஓல்கியெர்த் எழுதியதுதான். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புகளில், கடிகாரத்தின் விவரத்தைப் பதிய இடமே கிடையாது. அதனால் பதிப்பு எண் பழையதாக இருந்தால் கடிகாரப் பேச்சே எடுக்காதபடி எழுதிவிட்டான்.

கொர்னேலியா அவன் மேசைக்குப் போனாள்.

“எண்ணப் பாத்த. உள்ள பாத்தியா?”

“எதுக்கு? அந்த எண்ணுல அது கெடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.”

“இந்தப் போஸ்னான்காரங்க எண்ண மாத்தாமலே புது வசதியெல்லாம் உள்ள சேத்திருக்காங்க. கம்பைல் பண்றதுக்கு முன்னாடி கெர்னலோட ஃபைலத் தெறந்து, இடம் இருக்கான்னு பாக்கணும். வயசப் பாத்து நீயா முடிவு பண்ணிட்டா எப்படி?”

பக்கத்து மேசைக்காரன் விட், காபி எடுக்கும் சாக்கில் நழுவினான். ஓல்கியெர்தின் காது சிவந்தது.

“நெலா, நீ கெர்னலப் பத்தித்தான பேசற?” என்று செல்லப்பெயர் சொல்லிக் கேட்டான்.

“அதப் பத்தியுந்தான்.”

அவன் எண்ணைப் பார்க்கும் சோதனையை, உள்ளே பார்க்கும்படி மாற்றி எழுதி, அந்தக் கெர்னலில் ஓட்டினான். கடிகாரம் இருப்பதாகத் திரையில் வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

“தப்புதான். இப்ப கேக்கறேன். குழந்தை வேணுமா உனக்கு?”

“வேணும்.” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “பயமாத்தான் இருக்கு. ஆனா வேணும், ஓலெக்.”

அவன் அங்கேயே மையத்துக்குப் போன் போட்டான். தங்கள் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களா என்று கேட்டான். நெடுநேரம் காத்திருந்தான். அவள் அவன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவழியாக அந்தப் பக்கம் யாரோ பேசினார்கள். பதில் சொல்ல வாயெடுத்தவன், சட்டென்று போனைக் கையால் மூடிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

“இடம் இருக்காம். வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் வரணுமாம். நீ வருவியா?”