அவர் கடைசியாகச் சொன்னது

துறைமுகத்தில் என் வீட்டுக்காரர் கிரேனோடு விழுந்து இறந்த மறுநாள் பத்திரிகையில் வந்த செய்தியை, நாத்தனார் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். கிரேன் சாயும்போது அவர் வாக்கி-டாக்கியில், "என் மனைவியிடம் சொல்லுங்கள், அவள்தான் என் உலகம்" என்றாராம். இத்தனை வருடக் குடித்தனத்தில் என்னை "ஏய், இவளே" என்பதற்கு மேல் கொஞ்சிக் கூப்பிடாத மனுஷன்!

ஆனாலும் அந்த வரியை நான் விடவில்லை. துணி காயப்போடும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவர் குரலிலேயே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

போன வாரம் ஒரு அம்மாள் வந்தார். பத்திரிகை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சிறந்த செய்திக்கு விருது கொடுக்கும் குழுவில் நடுவர்.

"இந்தச் செய்திதான்மா கடைசிச் சுற்றுல முன்னாடி நிக்குது. படிச்சு நானும் அழுதேன். ஆனா அவர் இப்படிச் சொன்னதை யார் கேட்டாங்கன்னு எங்கயும் இல்லை. நிருபரைக் கேட்டா, 'எல்லாரும் சொன்னாங்க'ங்கறார். உங்ககிட்ட அந்த நிருபர் வந்து பேசினாரா?"

"இல்லைங்க. யாரும் பேசலை."

நாத்தனார் முந்திக்கொண்டாள். "மனசைத் தொட்டா நல்ல செய்திதானே? அண்ணன் கண்டிப்பா சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பார்ங்கறது வேற, சொன்னார்ங்கறது வேறம்மா" என்ற நடுவர் என்னைப் பார்த்தார்.

'ஆமாம், சொன்னார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விருதும் கிடைக்கும், அந்த வரியும் எனக்கே எனக்கென்று நின்றுவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அப்போது நடுவர் சாதாரணமாகக் கேட்டார்: "வாக்கி-டாக்கி எப்பவும் அவர்கிட்ட இருக்குமா?"

இத்தனை நாளில் இதை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"இருக்கும். ஆனா அது செத்து ஒரு வாரமாச்சுங்க. புதுசு கேட்டுக் கேட்டு அலுத்துட்டார், தரலை. மேலேருந்து கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போச்சு. அன்னைக்குக் காலையில அவருக்குக் குரலே வரலை."

"அப்போ கிரேன் ஆடுது, இறங்குன்னு கீழேருந்து கத்தியிருந்தா?"

"அந்தக் காத்துல என்னங்க கேட்கும்?"

நடுவர் சட்டத்திலிருந்த செய்தியை மறுபடி பார்த்தார். "இதை யாருமே எழுதலையேம்மா. நீங்க சொன்னதை வெளியில சொல்லலாமா?"

"சொல்லுங்க. அதே மாதிரி கிரேன்ல இன்னும் ஆள் ஏறிட்டுத்தான் இருக்காங்க."

அவர் போன பிறகு நாத்தனார் விசும்பினாள். "அண்ணன் பேச்சுன்னு நமக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் இல்லைன்னுட்டீங்களே, அண்ணி!"

அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நானே சட்டத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

கிரேன் சாய்ந்த அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்; சாயங்காலம் வந்து பேசுகிறேன் என்று கையாலேயே சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதும் சாயங்காலமானால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. உலகம் கிலகம் எல்லாம் வேண்டாம். "ஏய், இவளே" என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.