வாளிச் சண்டையும் இரவல் குரலும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் சண்டை போட்டால் அவர்களுடைய குரல்களை மாற்றி வைத்துவிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்கு எதிரே இருக்கும் தகவல்தொடர்புத் திறன் மையத்தில் இது நடக்கிறது. சமாதானம் ஆகும்வரை இவன் குரல் அவன் தொண்டையில், அவன் குரல் இவன் தொண்டையில். வலி எதுவும் இல்லை. கொஞ்சம் உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும்.

நானும் இசக்கிராஜாவும் விடுதியில் ஒரே அறை. சண்டை வாளியால் வந்தது. எங்கள் விடுதியில் குளிப்பதற்கு ஆள் வரிசையில் நிற்பதில்லை, வாளிதான் நிற்கும். வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. இசக்கிராஜா என் வாளியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தன்னுடையதை முன்னால் வைத்தான். நான் அவன் வாளியை உதைத்தேன். அது கீறல் விட்டது. மதியத்துக்குள் மையத்திலிருந்து ஆட்கள் வந்து எங்களைக் கூட்டிப்போய்க் குரல்களை மாற்றிவிட்டார்கள்.

மையத்தை நடத்துபவர் ஹெலன் ராஜகுமாரி மேடம். "அடுத்தவன் குரல்ல அவன் நியாயத்தப் பேசணும் தம்பி. நான் நம்புற மாதிரி ரெண்டு பேரும் பேசிட்டா குரலத் திருப்பித் தந்துருவேன்" என்றார்.

சாயங்காலம் அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா போன் செய்தாள். குரல் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், அது விதி. போனை இசக்கிராஜாவிடம் நீட்டினேன். உண்மையைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மாவிடம் நான் பேசுவதே "ம்", "சாப்ட்டேன்", "வைக்கிறேன்" அவ்வளவுதான்.

"நீ சாப்ட்டியாம்மா? என்ன கொழம்பு?" என்று இசக்கிராஜா என் குரலில் கேட்டான்.

அந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா பேச ஆரம்பித்தாள். முழங்கால் வலியில் தொடங்கி, எதிர்வீட்டுக் கோழி எங்கள் மாடிப்படியில் முட்டையிட்ட கதை வரைக்கும் போனாள். சிரித்தாள்கூட. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தினமும் இப்படியே நடந்தது. இசக்கிராஜாவுக்கு அம்மா இல்லை. அதனால் அவன் குரலை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. என் அம்மா, என் குரல், நடுவில் இவன் யார் என்று எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை தாங்காமல் சமாதானத்துக்கு ஓடியவன் அந்த விடுதியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மையத்தில் நான் அவன் குரலில் சொன்னேன்: "காலைல லேப். லேட்டா போனா வெளிய நிக்க வச்சிருவாவ. அதான் வாளியத் தள்ளுனேன்."

அவன் என் குரலில் சொன்னான்: "வாளியத் தள்ளுனது என்னையே தூக்கி ஓரமா வச்ச மாதிரி இருந்துச்சு."

அவன் சொன்ன விதத்தில் எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரல்களைத் திருப்பி வைத்தார்.

அன்று மாலை முதல் மணியிலேயே போனை எடுத்தேன். கேட்பதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன்.

"ம்… சாப்ட்டேன்" என்றேன்.

அந்த "ம்"மிலேயே அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏய்யா அழகரு, அந்தத் தம்பி கூட சண்ட தீந்துபோச்சா?"

"தீந்துருச்சும்மா."

"அடடா" என்றாள் அம்மா. "இன்னொரு தடவ போட முடியுமான்னு பாரேன்யா."

அம்மா என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது.  மறுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை நானும் இசக்கிராஜாவும் சண்டை போடக் குளியலறைப் பக்கம் போனோம். அங்கே சண்டைக்கு ஏற்கெனவே வரிசை மாடிப்படி வரை நீண்டிருந்தது. எல்லார் வீட்டிலிருந்தும் போன் வந்திருந்ததாம். ஆள் ஒருவரும் இல்லை, வாளிகள்தான் ஜோடி ஜோடியாக நின்றன. எங்கள் வாளிகளையும் கடைசியில் வைத்தோம். முறை வர மத்தியானம் ஆகும் என்று தோன்றியதால் இருவரும் டீ குடிக்கப் போனோம்.