நாற்பது எழுத்துக்குள்

1986 ஜூலையில், ஈப்போவில் ஒரு வீடியோ நிறுவனத்தில் வேலை பார்த்த நவமணி, தொள்ளாயிரத்துச் சொச்சம் நாடாக்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றி முடித்தாள். கல்யாணம், கோயில் திருவிழா, தோட்டக் கம்பெனிகளுக்கான படம் என்று எட்டு வருஷமாக எடுத்ததெல்லாம் அந்த நாடாக்களில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. எண், தேதி, இடம், நீளம் ஆகியவற்றைக் கேமராக்காரர் எழுதுவார். அதற்குக் கீழே, எந்த நிமிஷத்தில் யார், என்ன செய்கிறார்கள் என்று எழுதியதெல்லாம் நவமணி. யாரும் அவளை அப்படி எழுதச் சொன்னதில்லை. நாடாவைப் போட்டுப் பார்க்காமல் அட்டையைப் பெட்டியில் செருக அவளுக்கு மனம் வராது.

கணினியில் விவரம் என்ற கட்டத்துக்குள் நாற்பது ஆங்கில எழுத்துகள்தான் அடங்கும். அதற்கு மேல் தட்டினால் கீச்சென்று கத்தும்.

"இந்தக் குறிப்பையெல்லாம் என்னா செய்றது பாய்?" என்று முதலாளி ஜைனுலாப்தீனிடம் கேட்டாள்.

"தலைப்பு போட்டா போதும்லா. யாரு ஒக்காந்து நிமிஷம் நிமிஷமா படிக்கப் போறா? அந்தப் பெட்டியெல்லாம் போனா இன்னொரு எடிட்டிங் மெஷின் வைக்கலாம்."

அட்டைகள் பழைய பேப்பர் லாரியில் போயின. அதற்கு முன், அச்சிட்ட பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் 'அட்டையோடு ஒத்துப் பார்த்தேன், சரி' என்று எழுதி நவமணி கையெழுத்துப் போட்டாள். 'ஜெனரல்' என்று பதிவான நாடாக்களை அழித்து மறுபடியும் பயன்படுத்தலாம் என்றார் பாய்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பிச்சைமுத்து என்பவர் வந்தார். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர். ஐம்பதை நெருங்கிய வயது. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார்.

"தங்கச்சி, மே மாசம் எங்க தோட்டத்துல படம் எடுத்தீங்கல்ல? அதுல எஞ் சம்சாரம் பேசியிருக்கு. காளியம்மா. புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை."

நவமணிக்கு அந்த முகம் உடனே நினைவுக்கு வந்தது. தோட்டக் கம்பெனி தன் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக எடுக்கச் சொன்ன படம் அது. முடித்துக் கொடுத்த படத்தில் காளியம்மா இல்லை. சேர்க்காமல் ஒதுக்கிய நாடாவில் இருந்தாள்.

"நல்லா இருக்காங்களா அண்ணே?"

"செத்துருச்சு. ஜூன் மாசம். மூச்சு விட முடியாம பதினோரு நாளு ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. கம்பெனிக்காரன் என்னா சொல்றான்னா, எங்கூட சண்டை போட்டுட்டு மருந்தை எடுத்துக் குடிச்சிருச்சாம். அடுத்த மாசம் கோர்ட்ல விசாரணை இருக்கு. முதுகுல மாட்டுற மருந்துத் தொட்டி ஒழுகுதுன்னு அது படத்துல சொல்லிச்சாமே? கூட வேலை செய்ற பொம்பளைங்க சொன்னாங்க. ஆனா அவங்க கோர்ட்டுக்கு வர மாட்டாங்க. லயத்துல கம்பெனி குடுத்த வீடு போயிரும்னு பயம்."

நவமணி உள்ளே போய் எண்ணைத் தேடி நாடாவை எடுத்தாள். அதன்மேல் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. தைப்பிங்கில் நடந்த ஒரு கல்யாணம். இருந்தும் மெஷினில் போட்டு ஓட்டினாள். தாலி கட்டினார்கள், சாப்பிட்டார்கள், காரில் ஏறினார்கள். பத்தொன்பதாவது நிமிஷத்தில் கல்யாணம் முடிந்து, அழியாமல் விட்டுப்போன பழைய காட்சி கொஞ்சம் வந்தது. வரிசையாக ரப்பர் மரங்கள். ஆள் யாரும் இல்லை. அவ்வளவுதான்.

கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அழிச்சாச்சுண்ணே. பட்டியல்ல ஜெனரல்னு போட்டது நாந்தான்."

பிச்சைமுத்து திட்டவில்லை. "நீங்க அதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப வந்து சொல்லுங்க."

ஜைனுலாப்தீன் அவளைத் தடுக்கவில்லை. "போ நவமணி. செத்துப்போனவ விஷயம், போகாதன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கம்பெனி வக்கீல் பட்டியலைக் கேட்டா நான் குடுத்துத்தான் ஆகணும்" என்றார். அப்படியே கொடுக்கவும் செய்தார்.

விசாரணையில் நவமணி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். படத்தில் காளியம்மாவின் முதுகில் இருந்த தொட்டியின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. சட்டை நனைந்திருந்தது. காளியம்மாவே சட்டையை விலக்கி முதுகைக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்து கிடந்தது. மூன்று மாதமாகத் தொட்டியை மாற்றக் கேட்கிறோம், தோட்டத்து ஆபீஸ் கிராணி இன்றைக்கு நாளைக்கு என்கிறார் என்று அவள் சொன்னாள்.

கம்பெனி வக்கீல் பட்டியலின் ஒரு பக்கத்தை நீட்டினார். அவர் மலாயில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமா."

"சரி என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் காளியம்மா என்ற பெயர் இருக்கிறதா? தொட்டி? காயம்?"

"இல்லைங்க. நாப்பது எழுத்துதான் போகும். எடம் பத்தல."

"நீங்கள் எழுதியது 'எஸ்டேட் ஜெனரல்'. மீதி இடத்தில் 'ஒழுகும் தொட்டி' என்று ஆங்கிலத்தில் எழுத முடியாதா?"

நவமணி மனத்துக்குள் எழுத்துகளை எண்ணிப் பார்த்தாள். தாராளமாக இடம் இருந்தது. அதைப் பதிந்த நாள் மதியத்துக்குள் அறுபது அட்டைகளை முடிக்க வேண்டும் என்று வேகமாகத் தட்டியது மட்டும் ஞாபகம் வந்தது.

"முடிஞ்சிருக்கும்" என்றாள்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மருந்து உடம்புக்குள் எப்படிப் போனதென்று தீர்மானிக்க முடியவில்லை என்று நீதிபதி எழுதினார். குடித்தாள் என்றும் இல்லை, குடிக்கவில்லை என்றும் இல்லை.

பேருந்து நிலையம் வரை பிச்சைமுத்து அவளோடு நடந்து வந்தார். வெயில் கடுமையாக இருந்தது. ஈப்போ பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டார்.

"வேற என்னா பேசிச்சு தங்கச்சி? எங்கிட்ட ஒரு போட்டோ இருக்கு, ஐ.சி. அடையாள அட்டைக்கு எடுத்தது. பேசுறது மாதிரி ஒண்ணும் இல்ல."

நவமணி சொல்லப் பார்த்தாள். தொட்டி, முதுகு, கிராணி. மறுபடியும் அதேதான் வந்தது.

"என்னைப் பத்தி எதாச்சும் சொல்லிச்சா? சிரிச்சுச்சா?"

"ஞாபகம் இல்லண்ணே."

அவர் தலையை ஆட்டினார். பஸ் வந்ததும் அவளுக்காகக் கதவுப் பக்கம் கூட்டத்தை விலக்கி ஏற்றிவிட்டார். ஜன்னலுக்குக் கீழே நின்று, "நீங்க ஒருத்தராச்சும் வந்தீங்க" என்றார்.

தீபாவளிக்கு முன்னால் தோட்டத்தில் அவர் குடியிருந்த லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். பிச்சைமுத்து மகளைக் கூட்டிக்கொண்டு கடலோரத்து லூமுட்டுக்குப் போய் மீன் ஏற்றும் வேலையில் சேர்ந்ததாக ஈப்போ புந்தோங் பகுதிக் கடையில் யாரோ சொல்ல நவமணி கேட்டாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று பல ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்தாள். போகவில்லை.