இறக்கத்தில் தளர்ந்த கயிறு

வலது தோள் விடிந்ததிலிருந்தே அவளைத் தின்றுகொண்டிருந்தது. கழுத்தோரத்தில் தொடங்கி முழங்கை வரைக்கும், யாரோ உள்ளே கையை விட்டு நரம்பைப் பிடித்து முறுக்குவது போன்ற வலி. படுத்தாலும் விடவில்லை, எழுந்தாலும் விடவில்லை. தலைமுடியை அள்ளி முடியக் கையைத் தூக்கியபோது உயிர் போய் வந்தது. வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அடுப்பு நிற்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவளும் புருஷனும் மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஓட்டுகிறார்கள். பெடல் அவன் காலில், பிரேக் அவள் கையில். பழைய காகிதக் கட்டுகளை ஆள் உயரத்துக்கு மேலே அடுக்கி, கிடங்கிலிருந்து ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை. வழியில் ஒரு மேம்பாலம். ஏற்றத்தில் அவள் பின்னாலிருந்து தள்ளுவாள். இறக்கத்தில், பின்பக்க அச்சில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்தபடியே நடப்பாள். சக்கரத்தில் உரசுகிற மாதிரி, அவன் காலால் மிதிக்கிற ஒரு பிரேக் கட்டையும் வண்டியில் உண்டு. அந்தப் பாரத்துக்கு அது பேருக்குத்தான்.

முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. முதுகை ஒட்டிக் காகிதச் சுவர். கத்தினாலும் சாலை இரைச்சலில் காதில் விழாது. அவர்களுக்குள் பேச்சுவார்த்தை எல்லாம் கயிறு வழியாகத்தான். கயிறு விறைப்பாக இருந்தால் கட்டையை மிதித்தபடி அவன் மெல்ல இறங்க வேண்டும். இறக்கம் அடங்குகிற இடத்தில் அவள் கயிற்றைத் தளர்த்துவாள். உடனே அவன் கட்டையிலிருந்து காலை எடுத்துப் பெடலை மிதிப்பான். அந்த வேகத்தை விட்டால் எதிரே வரும் சமதளத்தில் தொடை கிழிந்துவிடும்.

கிடங்கில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கு.

"என்ன பிரேக்கு, மூஞ்சி தொங்குது? கட்டை தேஞ்சுபோச்சா?" என்றான் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த சுமைக்காரன்.

"எனக்குத் தேஞ்சா மாத்திக்கலாம். உனக்கு மேல்மாடியே காலி. அதுக்கு எந்தக் கடையில சாமான் வாங்குவ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் சூட்டிலேயே புருஷன், "இன்னும் ஒரு கட்டு தூக்கி வைங்கப்பா, மழைக்கு முன்னாடி போய்ச் சேந்துடலாம்" என்றான்.

"ஏங்க, போதுங்க."

"ஒரு கட்டுதானே புள்ள. நீ பிடிக்க மாட்டியா என்ன?"

ஆட்கள் முன்னால் அப்படிக் கேட்டால் பதில் என்ன சொல்வது? அந்தக் கட்டும் ஏறியது.

பாலத்தில் யாருக்கும் யாரையும் ஆகாது. பஸ்காரனுக்குக் கார்க்காரனைக் கண்டால் எரிச்சல், கார்க்காரனுக்கு மோட்டார் சைக்கிள்காரனைக் கண்டால் எரிச்சல், அவனுக்கு சைக்கிள்காரனைக் கண்டால். எல்லோருடைய எரிச்சலும் கடைசியில் வந்து விழுவது நடக்கிறவன் தலையில். நடைபாதை என்று ஒன்று போட்டுத்தான் இருக்கிறார்கள். அதில் பாதி தூரம் கல் பெயர்ந்து ஓட்டை. மீதி தூரத்தில் மோட்டார் சைக்கிள்கள் குறுக்குவழி கண்டுபிடித்து ஓடும். நடக்கிறவர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் சாலையில் இறங்கி, தோளைக் குறுக்கிக்கொண்டு போவார்கள். இவள் எந்தச் சாதியில் சேர்த்தி என்று அவளுக்கே தெரியாது. நடக்கிறாள், அதனால் நடக்கிறவர்களுக்கு விழுகிற திட்டு விழும். கையில் வண்டி இருக்கிறது, அதனால் வண்டிக்காரர்களுக்கு விழுகிற திட்டும் விழும்.

உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதுமே, கூட ஏற்றிய அந்த ஒரு கட்டு தன் வேலையைக் காட்டியது. கயிறு கையை அறுத்தது. வலது தோள் மூட்டிலிருந்து கழன்று வந்துவிடும் போலிருந்தது. அவள் குதிகாலை அழுத்தி அழுத்தி ஊன்றினாள். செருப்பு தேய்கிற சத்தம் அவளுக்கே கேட்டது. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

முதுகுக்குப் பின்னால் ஹாரன். அவள் தலையை மட்டும் திருப்பினாள். வெள்ளைக் கார். சம்பளத்துக்கு ஓட்டுகிற ஒரு டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"ஏம்மா, ரோடு என்ன உங்க வீட்டுக் கூடமா? ஓரமாப் போங்க!"

"நீ வந்து இந்த ஓரத்துல நடந்து பாரு! குழியில விழுந்தா உன் மொதலாளியா வந்து தூக்கிவிடுவாரு?"

"மொதலாளி பின்னாடிதான் இருக்காரு. வேணும்னா கேட்டுச் சொல்றேன்!"

டிரைவர் சிரித்துவிட்டான். அவளுக்கும் உதட்டோரம் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் பின் இருக்கையில் இருந்தவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி என்னவோ கத்தினார். டிரைவரின் சிரிப்பு அப்படியே அணைந்தது. மறுபடி ஹாரன், இந்தத் தடவை கையை எடுக்காமல். அவனுக்குப் பின்னால் பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. வலது பக்கம் மோட்டார் சைக்கிள்கள் அவள் முழங்கையை உரசிக்கொண்டு பறந்தன. யார் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று மறுபடி திரும்பிப் பார்க்க முடியவில்லை. இறக்கத்தில் கை மாற்றக் கூடாது. புருஷன் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆனால் தோள் இனி ஒரு அடிகூடத் தாங்காது என்று ஆகிவிட்டது.

கயிற்றை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். சரியாக அந்த நேரம் ஹாரன் அவள் காதுக்குள்ளேயே அலறியது. கார் ஏறிவிட்டது என்றே நினைத்தாள். உடம்பு அவளைக் கேட்காமலே ஓரத்துக்குத் துள்ளியது.

கார் ஏறவில்லை. ஒரு கை தூரத்தில் நின்றிருந்தது. அவள் துணியின் நுனியைக்கூட அது தொடவில்லை.

ஆனால் கயிறு தளர்ந்துவிட்டது. முன்னால் இருந்தவனுக்கு அந்தத் தளர்வு எட்டியது. வழக்கமாகத் தளர்த்துகிற இடத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது; அவள் விட்டுவிட்டாள், இனி மிதிக்கலாம் என்று கட்டையிலிருந்து காலை எடுத்தான். மிதிக்கவும் மிதித்தான். வண்டி குதித்துப் பாய்ந்தது. கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது.

"ஏங்க! புடிங்க! புடிங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். காகிதச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

கீழே, நடைபாதையில் ஏறி வந்த ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கி, சட்டைக் கம்பெனியில் வேலை முடிந்து வந்த தையல்காரி ஒருத்தி சாலையில் இறங்கினாள். வண்டி அவளை இடித்துத் தள்ளி, காலின் மேல் ஏறி, கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. புருஷன் மறுபக்கம் போய் விழுந்தான். காகிதக் கட்டு ஒன்று அவிழ்ந்து பாலமெங்கும் பறந்தது.

முதலில் ஓடி வந்தது அந்தக் கார் டிரைவர்தான். காரை அப்படியே போட்டுவிட்டு வந்து, வண்டியின் அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினான். "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, ஒரு கை குடுங்கய்யா! அக்கா, காலை இழுங்க, மெதுவா!" என்றான். இவள்தான் தையல்காரியின் காலை வெளியே இழுத்தாள். முழங்காலுக்குக் கீழே கால் போகக் கூடாத பக்கம் மடிந்து கிடந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. நடைபாதையில் ஏறி வந்தானே, அந்த மோட்டார் சைக்கிள்காரனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"நான் பாத்தேன்! இந்தக் கார்க்காரன்தான் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்து அந்தம்மாவை இடிச்சான்!"

தலைக்கவசம் மாட்டிய சைக்கிள்காரர் ஒருவர், "கார்க்காரனுங்க எல்லாருமே இப்படித்தான். போன வாரம் என்னைப் பள்ளத்துல தள்ளிட்டுப் போயிட்டான் ஒருத்தன்" என்றார்.

"நான் இடிக்கலைங்க! வண்டி நின்னுச்சுங்க!" என்றான் டிரைவர்.

"பொய் சொல்றான். அந்தம்மா தோளைப் பாருங்க, எப்படிப் புடிச்சிருக்காங்கன்னு!" என்றான் மோட்டார் சைக்கிள்காரன்.

எல்லோரும் பார்த்தார்கள். அவள் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து கை ஓய்ந்தபோதெல்லாம் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறாள். இது பழைய வலி என்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் முதல் அறை டிரைவர் கன்னத்தில் விழுந்தது. அடுத்தது யார் கை என்றே தெரியவில்லை. சட்டை கிழிந்தது. காரின் பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கிய முதலாளி, பையைக் கக்கத்தில் இடுக்கியபடி கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு வாடகை வண்டியில் ஏறிவிட்டார்.

போக்குவரத்துக் காவலர் வந்து கூட்டத்தை விலக்கினார். தையல்காரியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். காவலர் இவளிடம் வந்தார்.

"சொல்லும்மா. கார் உன்னை இடிச்சுதா?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் ஏன் கயிற்றை விட்டாய்? ஏன் இவ்வளவு பாரம்? யார் ஓட்டியது? வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். புருஷனையும்தான்.

நெற்றியில் ரத்தத்தோடு புருஷன் எழுந்து வந்தான். "இடிச்சான் சார். அதான் கயிறு விட்டுடுச்சு. இல்லாட்டி இவ விடுற ஆளே இல்ல" என்றான். அவன் அதை நம்பித்தான் சொன்னான்.

காவலர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

காவல் நிலையத்தில் ஒரே பெஞ்சின் ஒரு முனையில் அவளையும் புருஷனையும், மறுமுனையில் டிரைவரையும் உட்கார வைத்தார்கள். டிரைவரின் உதடு வீங்கியிருந்தது. புருஷன் உள்ளே கைநாட்டு வைக்கப் போனதும் அவன் மெதுவாகத் திரும்பினான்.

"அக்கா, கெட்ட வார்த்தை ஏதும் பேசினேனா உங்களை? கிண்டலாத்தானே பேசினோம். நான் உங்களைத் தொடலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. லைசென்ஸ் போனா எனக்கு வேற தொழில் தெரியாது."

"நான் பின்னாடி பாக்கலப்பா" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியல."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள், எழுந்து போனான்.

வெளியே வந்ததும் புருஷன் டீ வாங்கிக் கொடுத்தான். அவள் குடிக்காமல் கண்ணாடித் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். அதைப் பார்த்தவன், "நெசமாவே இடிச்சானா?" என்று கேட்டான்.

அவள் நிமிர்ந்தாள்.

"வேணாம்" என்றான் உடனே. "சொல்லாத. டீ ஆறுது, குடி."

தையல்காரியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனார்கள். கால் முழுக்க மாவுக்கட்டு. எப்போது தையல் மிஷினை மிதிக்க முடியும் என்று டாக்டர் சொல்லவில்லையாம். அவள் இவள் கையைப் பிடித்து, "நாம நடந்து போறவங்க. நம்ம மேல ஏத்தினாத்தான் இவனுங்களுக்குத் தூக்கம் வரும். அந்தக் கார்க்காரனைச் சும்மா விட்றாதீங்கக்கா" என்றாள். இவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று உறைத்தது.

அதற்குப் பிறகு பாலத்தில் எந்த ஹாரன் கேட்டாலும் அவள் கண் முதலில் வெள்ளைக் காரைத்தான் தேடும். வந்தால் என்ன செய்வது என்று தெரியாது. வராவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் வந்தது. ஏற்றத்தில் நெரிசல், எல்லாம் நின்றுபோயிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். அதே கார். ஓட்டுகிற இடத்தில் வேறு ஆள், மீசை அரும்பிய இளவட்டம்.

"தம்பி, இதை முன்னாடி ஒருத்தர் ஓட்டுவாரே, அவரு எங்க?"

"அவரா? லைசென்ஸைப் புடுங்கிட்டாங்க. மொதலாளி அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிட்டாரு. ஊரை விட்டே போயிட்டதாச் சொல்றாங்க." பின்னால் பஸ் உறுமியது. "நீங்க யாரு, அவருக்குச் சொந்தமா?"

"இல்ல" என்றாள்.

"பின்ன எதுக்குக் கேக்குறீங்க?"

நெரிசல் கலைந்தது. சுற்றியிருந்த எல்லா ஹாரன்களும் ஒரே நேரத்தில் கிளம்பின. முன்னால் புருஷன் எழுந்து நின்று பெடலை மிதிப்பது வண்டி அசைந்ததில் தெரிந்தது. அவள் திரும்பி வண்டிக்கு முட்டுக் கொடுத்தாள்.

கார் என்மேல் படவில்லை, கயிற்றை விட்டது நான்தான். இந்த ஒரு வார்த்தையை அவள் அந்த டிரைவருக்குக் கொடுத்தாக வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.