சாம்பவியின் கைராசி

சாம்பவிக்குக் கைராசி உண்டென்று குடும்பத்தில் ஒரு கதை. அவள் போய்ப் பால் காய்ச்சிய வீடெல்லாம் விலை ஏறியதாம். ரொறன்ரோவில் எந்த வீடுதான் விலை ஏறாமல் கிடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கதையை நம்பித்தான் அண்ணன் தில்லையம்பலம் வோபர்னில் சாப்பாட்டுக் கடை திறந்தபோது கம்பனியை அவள் பெயரில் பதிந்தார். "பேர் மட்டுந்தான் பிள்ளை. வேலையெல்லாம் நான் பாப்பன்" என்றார். டைரக்டர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் முதியோர் இல்லத்து வேலைக்கு ஓடினாள். அதன்பிறகு கடைக்கும் அவளுக்கும் தொடர்பு வருடப்பிறப்பில் மட்டும்தான். அன்று அண்ணன் விட்பியில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்து அவளிடம் கைவியளம் வாங்கிப் போவார். வருடத்தின் முதல் காசு ராசியான கையிலிருந்து வரவேண்டும்.

போன வருடம் கடை பூட்டுப்பட்டது. இந்தப் பங்குனியில் வரிக்காரர் சாம்பவியைத் தேடி வந்தார்கள். வேலையாட்களின் சம்பளத்தில் பிடித்த வரியையும் பென்ஷன் காசையும் அண்ணன் அரசாங்கத்துக்குக் கட்டவே இல்லை. வாடகைக்கும் இறைச்சிக்காரனுக்கும் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். கம்பனியிடம் வழித்தெடுக்க ஒன்றுமில்லை, ஆகவே டைரக்டர் கட்டவேண்டும். டைரக்டருக்கு விட்பி வீட்டில் பாதி இருந்தது.

"எனக்கொண்டும் தெரியாது தம்பி. கடைக் கணக்கைக் கண்ணாலையும் காணேல்லை" என்றாள், சட்டம் கேட்கப் போன தமிழ் லோயர் லெஸ்லியிடம்.

"பாக்காமல் விட்டதுதான் பிழையாம் அக்கா. எப்பவாவது விலகினனீங்களோ? விலகி ரெண்டு வருசம் கழிஞ்சிருந்தால் உங்களைத் தொடேலாது."

சாம்பவிக்கு உயிர் வந்தது. "ஓம்! மூண்டு வருசத்துக்கு முந்தி, மகள் யூனிவேர்சிற்றிக்குப் போகேக்கையே என்ரை பேரை எடுக்கச் சொல்லிப்போட்டன். அண்ணா ஓம் எண்டவர்."

"எழுத்திலை குடுத்தனீங்களோ?"

கூடப்பிறந்தவனுக்கு யார்தான் கடிதம் எழுதி விலகுகிறார்கள்? வந்த உயிர் வந்த வழியே போயிற்று.

கணவன் சண்முகலிங்கத்திடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் நெடுந்தூரம் மிசிசாகா வேலைக்குக் கார் ஓடி, அந்த வீட்டுக்காகவே உழைத்த மனிதன். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தேத்தண்ணி வேணுமோ என்றுதான் வந்தது.

வருடப்பிறப்பன்று அண்ணன் வந்தார். சண்முகலிங்கம் குளித்துக்கொண்டிருந்தான். வாசலிலேயே மறித்தாள்.

"என்ரை பேரை எடுக்கிறன் எண்டனீங்கள்."

"எடுக்கத்தான் இருந்தனான். உன்ரை பேர் போனால் கடையும் போயிடும் எண்டு பயந்திட்டன் பிள்ளை." அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். "இப்ப என்ரை மனுசி கௌசியின்ரை பேரிலை சின்னதா கேற்றரிங் தொடங்கிறன். உழைச்சு எல்லாத்தையும் கட்டுவன்" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டினார்.

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் நல்ல நாளில் கூடப்பிறந்தவனை வெறுங்கையோடு அனுப்ப அவளால் முடியவில்லை. ஐந்து டொலர் தாளை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பின்னால் சிரிப்புக் கேட்டது. சண்முகலிங்கம் புது வேட்டியோடு நின்றான்.

"மச்சானுக்கு மட்டுந்தானோ? இந்த வருசத்தோடை மோட்கேச் கடன் முடியுது. வீடு முழுக்க எங்கடை. எனக்கும் உந்தக் கையாலை தாரும்."

சாம்பவி கொடுத்தாள். கொடுத்த கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்னப்பா, குளிருதோ?"

"ஓம்" என்றாள்.