லிட்டருக்குப் பத்தொன்பது

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாத இதழின் ஆசிரியர் போன் செய்து, "கியர் கார் ஓட்டுறவங்களுக்கு பெட்ரோல் மிச்சம் பண்ண பத்து யோசனை வேணும். ரெண்டு பக்கத்துக்கு மேல போகக் கூடாது" என்றார். நான் சிறுகதை எழுதுகிறவள் என்று நினைவுபடுத்தினேன்.

"தெரியும்மா. கதை நிறையவே கையில இருக்கு" என்றார்.

ஒப்புக்கொண்டேன். வீட்டிலேயே நிபுணர் இருக்கும்போது எனக்கென்ன கவலை? என் கணவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடைகடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பவர். பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு ஒரு லிட்டர் விழுகிறதா என்று அளந்து பார்ப்பவர். கடைத்தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே தராசுதான். அது அவர் காதுக்கும் வந்திருக்கிறது, உள்ளூரச் சந்தோஷம். இந்தக் கதையிலும் அவர் தராசாகவே இருக்கட்டும்.

தராசு சொல்லச் சொல்ல எழுதினேன். எஞ்சினை உறும விடாமல் சீக்கிரமே அடுத்த கியருக்குப் போ. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் இப்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு. டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள். க்ளட்ச்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே. இப்படி ஒன்பது யோசனைகள் மளமளவென்று வந்து விழுந்தன. பத்தாவதில் பேனா நின்றுவிட்டது. கட்டுரை கதையானது அங்கேதான்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"தராசு காலையில் கண்விழித்ததும்—" (ஆட்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியே நிறையக் கதைகள் தொடங்கிவிட்டேன். வேண்டாம்.)

"பெட்ரோல் என்பது வெறும் திரவம் மட்டுமல்ல, அது—" (திரவம் மட்டும்தான்.)

"இறக்கத்தில் ஒரு கார் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது."

இது பரவாயில்லை. உண்மையும்கூட. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கடைத்தெருவும் மகளின் கல்லூரியும் கீழே. நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் சாலை. அதன் உச்சியில் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினையும் அணைத்து, அடிவாரம்வரை உருள விடுவார் தராசு. பத்தாவது யோசனை இதுதான்.

"எஞ்சினே ஓடலைன்னா பெட்ரோல் எப்படிச் செலவாகும்? சொல்லு பாப்போம்" என்றார்.

என்னால் சொல்ல முடியும். சொன்னால் வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

3

தராசு என்ற பாத்திரம் நம்பும்படி இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். உதாரணமாக, பாரம் குறைந்தால் பெட்ரோல் குறையும் என்று டிக்கியைக் காலி செய்த கதை. உள்ளே கிடந்த ஒவ்வொன்றையும் அலுவலகத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுத்தார். பழைய போர்வை போனது. குடை போனது. மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "நனைஞ்சா காஞ்சிடும். செலவான பெட்ரோல் திரும்பி வருமா?" என்றார். பிறகு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அந்த அளவுக்குப் புத்தியுள்ள மனிதர்.

இதைப் படித்துவிட்டு அவரைக் கோமாளி என்று நினைத்துவிடாதீர்கள். எடை குறைத்து விற்ற கடைக்காரன் நீட்டிய கவரை அவன் கையிலேயே திணித்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு எண்ணைச் சொன்னால் வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. இப்போதைய எண் பத்தொன்பது. முன்பெல்லாம் வண்டியின் திரையில் சராசரி லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்றுதான் காட்டும். நியூட்ரலில் இறங்கத் தொடங்கியதிலிருந்து பத்தொன்பது காட்டுகிறது.

அதாவது, அவர் அப்படி நம்புகிறார்.

4

இந்தக் கதையில் இன்னும் சரியாக உள்ளே வராத பாத்திரம் நான்தான். வருகிறேன்.

எனக்கு லைசென்ஸ் உண்டு. கல்யாணமான புதிதில் தராசுக்கு ஓட்டிக்காட்டினேன். "உன் கால் க்ளட்ச்லயே குடியிருக்கு. வண்டி பெட்ரோலைக் குடிச்சே தீர்த்துடும்" என்றார். அன்றைக்கு அது நியாயமான பேச்சு. அதன்பிறகு சாவி ஆணியில் தொங்கியது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

இந்த வருடம் மகளுக்குப் பரீட்சை. சாப்பாட்டு மேசை அவளுக்குப் போயிற்று. இருக்கிற இன்னொரு அறையில் டி.வி. எழுதுவதற்கு எனக்குச் சமையலறை மேடை மிஞ்சியது. குக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாராலும் இரண்டு பத்திக்குமேல் எழுத முடியாது. அதே சமயத்தில் தராசுக்கு இன்னொரு வட்டாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். செவ்வாயும் வியாழனும் அலுவலக ஜீப் வாசலுக்கே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். கார் வீட்டில் சும்மா நிற்கும்.

அந்த இரண்டு நாளும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு புறவழிச்சாலைக்குப் போகிறேன். ஐந்தாம் கியர், ஒரே சீரான வேகம், பிரேக்குக்கு வேலையே இல்லை. லாரிகள் இளைப்பாறும் இடத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் நிறுத்தி, ஸ்டியரிங்மேல் அட்டையைச் சாய்த்துவைத்து எழுதுகிறேன். இந்தக் கதையையும் அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னை "அம்மா" என்றோ "இங்க பாரு" என்றோ கூப்பிடாத ஒரே இடம் அது.*

[* பெட்ரோல்? என் கதைகளுக்கு வரும் சன்மானம். பங்கில் நிரப்பி, பெட்ரோல் முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.]

எழுத வராத நாட்களில் வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் படிப்பேன். இந்தக் காலத்து வண்டியில், கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது தானாகவே நின்றுவிடும். எஞ்சினே வண்டியை இழுத்தும் பிடிக்கும். அணைத்துவிட்டு உருண்டால் ஸ்டியரிங் கனத்துப்போகும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். தராசு அந்தக் கையேட்டைத் திறந்ததில்லை. எண்ணூறு கிராம் என்று எடை மட்டும் சொல்வார்.

ஆக, அவர் நியூட்ரலைப் பிடித்துக்கொண்டதும் நான் புறவழிச்சாலையைப் பிடித்துக்கொண்டதும் ஒரே சமயம்; பத்தொன்பது எதனால் வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

(கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. வண்டி ஓடிய மொத்தத் தூரம் ஏறுவதை அவர் பார்க்க மாட்டாரா? அதே திரையில், சராசரிக்குக் கீழேயே இருக்கிறதே. இந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று நிறைய யோசித்தேன். அடைக்க முடியவில்லை, ஏனென்றால் நிஜமாகவே அவர் பார்ப்பதில்லை. சராசரி ஏறுகிற சந்தோஷத்தில் அவர் கண் அதற்குக் கீழே இறங்குவதே இல்லை.)

5

என் மகள். அப்பா வைத்த செல்லப்பெயர் வாண்டு. வாண்டுக்குப் போன வாரம் லைசென்ஸ் வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தராசு அவளுக்கு இறக்கத்தில் இறங்கக் கற்றுக்கொடுக்கப் போகிறார், தன் முறையில்.

எழுத்தாளர் என்றால் பாத்திரங்களுக்குள் பேச்சை மூட்டிவிட வேண்டும். மூட்டினேன்.

"கியர்லயே இறங்குடி. அப்பா சொல்ற முறை தப்பு."

"அப்பாவுக்குப் பத்தொன்பது வருதும்மா. தப்புன்னா எப்படி வரும்?"

"வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கு."

"லிட்டருக்கு இருபத்தி நாலுன்னும்தான் போட்டிருக்கு. வந்துச்சா?"

"பிரேக் பிடிக்காம போயிடும்டி."

"அப்பாவுக்கு இத்தனை நாளா பிடிக்குதே! நீ வண்டியே ஓட்டறதில்ல, உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் கேலி செய்யவில்லை. வீணாகப் பயப்படாதே என்று என்னைத் தேற்றினாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவு தராசிடமும் பேசிப் பார்த்தேன். "பத்தொன்பது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு அ: சொல்லிவிடுகிறேன். தராசு கத்த மாட்டார். மொத்தத் தூரத்தைத் தினமும் பார்க்கத் தொடங்குவார், சாவி ஆணியிலிருந்து அவர் சட்டைப்பைக்குக் குடிபோகும், நான் குக்கரிடம் திரும்பிப் போவேன்.

முடிவு ஆ: சொல்லவில்லை. வாண்டு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறாள். மூன்றாவது வளைவில் எதிரே ஒரு— (இதை எழுத மாட்டேன். எழுதத் தெரியும். எழுத மாட்டேன்.)

முடிவு இ: சொல்லவில்லை. எதுவும் நடக்கவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பதும் இதைத்தான். ஒன்றும் நடக்காததால் மறுநாளும் அப்படியே இறங்குவாள். மழையில் இறங்குவாள். தோழிகளை ஏற்றிக்கொண்டு பேசிக்கொண்டே இறங்குவாள். அப்பாவின் எண் சரி என்று கடைசிவரை நம்புவாள்.

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய கூச்சம் கிடையாது. என் தொழிலே அது. ஆனால் நான் ஓட்டிச் சேர்த்த எண்ணை நம்பி அவள் பிரேக்கில்லாமல் இறங்கப்போகிறாள். இதுவரை எழுதிய எதுவும் என்னை இப்படிப் பயமுறுத்தியதில்லை.

7

இந்தப் பகுதியை முதன்முறையாக வீட்டில், சாப்பாட்டு மேசையில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. மேசை காலியாக இருக்கிறது, ஏனென்றால் வாண்டு வெளியே காரில் இருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்கிறது.

"சாவிய எப்போப்பா திருப்பணும்?"

"முதல் வளைவுக்கு முன்னாடியே. பயப்படாத, பக்கத்துலயே இருக்கேன்ல."

எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. அடுத்த வாக்கியத்தை நான் எழுதாதவரை என் பாத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அதனால் சும்மா இருந்து பார்த்தேன்.

எஞ்சின் கிளம்பிவிட்டது. நான் எழுதவில்லை. அதுவாகவே கிளம்பிவிட்டது.

எனக்கு அந்த வேப்பமரம் வேண்டும். எனக்கென்று இவ்வளவு ஆசையாக வேறு எதையும் வைத்துக்கொண்டதில்லை. அவளும் வேண்டும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க நேரமில்லை, தேவையுமில்லை.

ஆகவே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சாவி யார் கையில் இருக்கும், அவர் என்னை எப்படிப் பார்ப்பார், இதற்குப் பிறகு நான் எங்கே உட்கார்ந்து எழுதுவேன், எல்லாம் உங்கள் பாடு. வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய ஒரு வரி மட்டும் என்னுடையது. அதையாவது ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

"என்னங்க, தப்பா எடுத்துக்காதீங்க, உங்ககிட்ட ரொம்ப நாளா—" (இதை முடிப்பதற்குள் இரண்டாவது வளைவுக்கே போய்விடுவார்கள்.)

"வண்டிய நிறுத்துங்க! அந்தப் பத்தொன்பது உங்களோடது இல்ல, நான் ஓட்டினது."

கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. திருத்த நேரமில்லை, நான்