காவல் அறைக்குள் திருடன்

சொந்தக்காரர்களின் சளியை நாங்கள் பார்ப்பதில்லை. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இது எழுதாத சட்டம். பாசம் கண்ணை மறைக்கும் என்று சளி தடவிய அந்தக் கண்ணாடிச் சிலைடைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவோம். காசநோய்க்கு இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்ட என் அண்ணனின் சிலைடு வந்த அன்று நான் தள்ளவில்லை. பக்கத்து மேஜைக்காரி, நாங்கள் கண்ணாடிக்காரி என்று கூப்பிடுகிறவள், சாப்பிடப் போயிருந்தாள். எனக்கோ பொறுமை பிறவியிலேயே கிடையாது.

சாயம் காய்ந்த நீலத்தில் கிருமி என்று சொல்ல ஒரு சிவப்புக் குச்சிகூட இல்லை. இரண்டு மாதம் முன்பு கண்ணாடிக்காரி பார்த்த முதல் சிலைடில் களை மாதிரி மண்டிக் கிடந்தவை. கண்ணாடித் துண்டை முந்நூறு தடவை நகர்த்தித் தேடினேன். ரிப்போர்ட்டில் கையெழுத்து விழும் முன்பே அவனுக்குப் போன் போட்டேன்.

"உனக்கு இப்ப ஒண்ணுமே இல்லண்ணா. எல்லாம் போயிடுச்சு."

"அப்ப பாப்பாவைத் தூக்கலாமா?" என்று கேட்டான். அவன் மகளுக்கு ஒரு வயது. இரண்டு மாதமாக வாசற்படிக்கு வெளியே நின்றுதான் அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

"தாராளமாத் தூக்கு" என்றேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணி வந்தாள். துவைக்க எடுத்த காக்கிச் சட்டையின் உள்பையில் இருந்ததாக மாத்திரை அட்டைகளை என் முன்னே போட்டாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "கேட்டா டூட்டியில போட்டுக்கறேன்னு சொல்லுவாரு. நானும் நம்பிட்டேன்."

அண்ணன் ஒரு கிடங்கில் காவலாளி. நேரே அங்கே போய், கேட் முன்னால் நிறுத்திவைத்துப் பிடிபிடியென்று பிடித்தேன். அவன் அசரவில்லை.

"போட்டா குமட்டுது. மூத்திரம் ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போகுது. இல்லாத நோய்க்கு எதுக்கு அது? ஒண்ணுமே இல்லன்னு நீதானே சொன்ன. டாக்டரைவிட உன்னைத்தான் நான் நம்புவேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்த நுணல் நான், கெடப் போகிறவன் அண்ணன்.

மறுநாள் அவனை டாக்டரிடம் காட்டுவதற்கு முன் எங்கள் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். படிக்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று அலமாரியில் ஒரு சிலைடு உண்டு. அதை வைத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டு, அவனைக் குனியச் சொன்னேன்.

"பெருசா ஒரு உருண்டை தெரியுதா? அது உடம்போட காவலாளி. கிருமியைக் கண்டா முழுங்கி ஒரு பைக்குள்ள போடும். அப்புறம் அமிலப் பை வந்து அதோட ஒட்டும். கிருமி கரைஞ்சிடும்."

"உள்ள சிவப்பா நாலு குச்சி அப்படியே இருக்கே?"

"அதுதான் உன் கிருமி. அமிலப் பையை ஒட்டவே விடாது. முழுங்கினவன் வயித்துக்குள்ளயே தின்னு, தூங்கி, பெருகும். சளியோட வெளிய வந்தாத்தான் என் கண்ணுல படும். உள்ள பதுங்கினது படாது. அதுக்குத்தான் ஆறு மாசம் மாத்திரை."

அவன் கண்ணை எடுக்காமலே சிரித்தான். "பிடிச்ச திருடனைக் காவல் ரூம்லயே உக்கார வெச்சு சோறும் போடுறான். இவன் எங்க கம்பெனி ஆளுதான்."

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவன் நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாப்பாவை மூணு வாரமா நெஞ்சு மேல போட்டுத்தான் தூங்க வெக்கிறேன்."

தாராளமாத் தூக்கு என்றவள் நான். "தப்பு என்னோடதுண்ணா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டு, வா போகலாம் என்றான்.

டாக்டர் எங்கள் இருவரையும் சேர்த்தே திட்டினார். குழந்தையைப் பரிசோதித்துத் தடுப்பு மருந்து எழுதினார். அண்ணனுக்கு மாத்திரையை மறுபடி தொடங்கி, சளியில் கிருமி வளருகிறதா என்று பார்க்கவும் அனுப்பினார். அந்த முடிவு வரப் பல வாரம் ஆகும். அவனுடைய புது சிலைடு வந்ததும் தொடாமல் கண்ணாடிக்காரி பக்கம் தள்ளினேன். அவளும் முந்நூறு இடம் பார்த்தாள். அவளுக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

ரிப்போர்ட் கையெழுத்தான பிறகுதான் போன் போட்டேன். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியலண்ணா" என்றேன், அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்காமல்.

"இரு, வாயில மாத்திரை இருக்கு." தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "ம், முழுங்கிட்டேன். சொல்லு."

பின்னால் எங்கேயோ குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. "பாப்பாவை யாரு வெச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"அவங்க அம்மா" என்றான். "நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நிக்கறேன்."